ஓர் அம்மா சொன்னதைக் காதில் போட்டுக்கொண்ட டாக்டர்! - கோதுமை ஒவ்வாத குழந்தைகளைக் காப்பாற்றிய டிக்கெவின் கதை

திருவாமாத்தூர்ல உங்க வீடு இருக்குன்னு வெச்சுக்கோங்க. அபிராமேஸ்வரர் கோயில் மணிச் சத்தம் கேட்கிற தூரம். வீட்டில் நாலு வயசில் ஒரு பிள்ளை. வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருக்கு. கையும் காலும் குச்சி. அடிக்கடி வயித்தால போகுது. போவதும் சாதாரணமாக இல்லை, வெளுத்துப்போய், எண்ணெய் மிதந்து, வீடே நாறுகிற மாதிரி. எடை ஏறவே இல்லை. எதைக் கொடுத்தாலும் சிணுங்கல். நீங்க என்ன செய்வீங்க?

பசுக்கள் வழிபட்ட தலம் என்பதால்தான் ஊருக்கு ஆமாத்தூர் என்று பேர் வந்ததாகத் தலபுராணம் சொல்லும். அந்த ஊரிலேயே முதல் சந்தேகம் பால் மேல்தான் விழும். பாலை நிறுத்திப் பார்ப்பார்கள். அப்புறம் பூச்சி மாத்திரை. அப்புறம் மந்திரிச்ச கயிறு. எதுவும் சரிவராவிட்டால், பிள்ளைக்கு ஒழுங்கா ஊட்டத் தெரியலை என்ற பழி நேராக அம்மா தலையில் வந்து இறங்கும். அந்த அம்மாவும் சளைக்காமல் கோதுமை, கேழ்வரகு, பொட்டுக்கடலை எல்லாம் வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து, மூணு வேளையும் சத்துமாவுக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாள். பிள்ளை இன்னும் இளைக்கும்.

அந்தக் கஞ்சியில் இருக்கும் கோதுமைதான் காரணம் என்றால்?

இப்படி ஒரு கேள்வியைக் கேட்கிற துணிச்சல் உலகத்தில் ஒருத்தருக்கு வந்தது. அவர் பெயர் வில்லெம் காரெல் டிக்கெ. நெதர்லாந்து நாட்டுக் குழந்தைகள் நல மருத்துவர். சீலியாக் என்கிற நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று நிரூபித்தவர். இன்றைக்குக் கடைகளில் க்ளூட்டன் ஃப்ரீ என்று எழுதிய பாக்கெட் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இந்த மனிதரின் உழைப்பு இருக்கிறது.

மட்டி சாப்பிட்டுத் தேறிய குழந்தை

டிக்கெ பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த நோய் இருந்தது. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த அரெட்டேயஸ் என்ற கிரேக்க மருத்துவர், சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே வெளியேறி உடம்பு உருகிப்போகும் நோயாளிகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். வயிறு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் சீலியாக் என்ற பெயரே வந்தது.

1887-ல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி விரிவாக ஓர் உரை ஆற்றினார். இதைத் தீர்க்க வழி இருக்குமானால் அது மருந்தில் இல்லை, சாப்பாட்டில்தான் இருக்கும் என்று அவர் கணித்தார். ஆனால் எந்தச் சாப்பாடு? அங்கேதான் எல்லோரும் தடுமாறினார்கள். அவர் பார்த்த ஒரு குழந்தை, தினமும் ஹாலந்து நாட்டு மட்டிக்கறி சாப்பிட்டுத் தேறியது. மட்டி கிடைக்கும் பருவம் முடிந்ததும் மறுபடி படுத்துவிட்டது. மட்டியில் என்னவோ இருக்கிறது என்றுதானே நமக்கும் தோன்றும்? மட்டி தின்ற நாட்களில் குழந்தை எதைத் தின்னாமல் இருந்தது என்று யாரும் யோசிக்கவில்லை.

1924-ல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் வாழைப்பழ வைத்தியம் கொண்டுவந்தார். ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியம் எல்லாம் நிறுத்தம். வாழைப்பழம் மட்டும் தாராளம். குழந்தைகள் பிழைத்தார்கள். உடனே வாழைப்பழத்துக்கு ஏகப்பட்ட புகழ். பழம் காப்பாற்றவில்லை, ரொட்டியை நிறுத்தியதுதான் காப்பாற்றியது என்று அப்போதும் பிடிபடவில்லை. எதைக் கொடுத்தால் குணமாகும் என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள். எதை நிறுத்த வேண்டும் என்று தேட ஒருத்தர் வர வேண்டியிருந்தது.

31 வயதில் தலைமைப் பொறுப்பு

டிக்கெ 1905 பிப்ரவரி 11-ல் டோர்ட்ரெக்ட் என்ற ஊரில் பிறந்தார். லைடன் நகரில் மருத்துவம் படித்தார். தி ஹேக் நகரில் இருந்த யூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தை மருத்துவத்தில் பயிற்சி பெற்றார். 1936-ல், வெறும் 31 வயதில், அதே மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவர் ஆனார்.

அந்த வார்டுகளில் சீலியாக் குழந்தைகள் மாசக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். பலர் வளரவே இல்லை. சிலர் வீடு திரும்பவும் இல்லை. ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம் அது. உடம்பில் வலுவில்லாத பிள்ளைக்கு ஒரு சளிக் காய்ச்சல் வந்தாலே போதும்.

அந்த நாட்களில்தான் ஓர் இளம் அம்மா அவரிடம் வந்திருக்கிறார். பிள்ளைக்கு ரொட்டியை நிறுத்தினால் உடம்பில் வரும் தடிப்பு சட்டென்று குறைகிறது, திரும்பக் கொடுத்தால் திரும்ப வருகிறது என்று அந்த அம்மா சொன்னதாக டிக்கெவின் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

கொஞ்சம் நின்று யோசிச்சுப் பாருங்க. ஐரோப்பாவில் ரொட்டி என்றால் நமக்குச் சோறு மாதிரி. சோறு ஒத்துக்கலை டாக்டர் என்று நீங்க போய் நின்றால் எத்தனை பேர் காதுகொடுத்துக் கேட்பார்கள்? டிக்கெ கேட்டார். சிரித்து அனுப்பிவிடாமல், அதைச் சோதித்துப் பார்க்கவும் ஆரம்பித்தார்.

1941-ல், நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தபோதே, கோதுமை இல்லாத எளிய உணவுமுறை ஒன்றை டச்சு மருத்துவ இதழில் எழுதினார். இந்த வருஷத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. போர்க்காலப் பஞ்சத்தைப் பார்த்துத்தான் டிக்கெவுக்குத் திடீரென்று பொறி தட்டியது என்று பல இடங்களில் படிப்பீர்கள். பஞ்சம் வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான்.

ஊர் பட்டினி கிடந்தது, இந்தப் பிள்ளைகள் தேறினார்கள்

1944 செப்டம்பரில் டச்சு ரயில்வே ஊழியர்கள் ஜெர்மன் படைக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலடியாக ஜெர்மானியர் நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். குளிர்காலமும் கடுமையாக வந்தது. கால்வாய்கள் உறைந்தன. ஆம்ஸ்டர்டாம், தி ஹேக் போன்ற நகரங்களில் மக்கள் சர்க்கரைவள்ளி மாதிரி இருக்கும் பீட் கிழங்கையும், கடைசியில் டூலிப் பூச்செடியின் கிழங்கையும் வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் செத்துப்போனார்கள். அந்தக் காலத்தை டச்சு மக்கள் இன்றும் பசிக் குளிர்காலம் என்றே சொல்கிறார்கள்.

ஊரே மெலிந்தபோது சீலியாக் குழந்தைகளின் நிலை மோசமாகவில்லை, தேறியது. ரொட்டி கிடைக்கவில்லை, அதனால் வயிற்றுப்போக்கும் இல்லை. பிறகு ஸ்வீடனிலிருந்து வந்த மாவில் வெள்ளை ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள். 1945 ஏப்ரல் கடைசியில் நேச நாட்டு விமானங்கள் உணவு மூட்டைகளைப் போட்டன. ஊர் உயிர் பெற்றது. ரொட்டி திரும்பி வந்ததும் இந்தப் பிள்ளைகள் மட்டும் மறுபடி நோயில் விழுந்தார்கள்.

தன் சந்தேகம் சரிதான் என்று டிக்கெவுக்கு இப்போது உறுதியானது. ஆனால் தனக்கு உறுதியானால் போதுமா? உலகம் நம்ப வேண்டுமே.

எடை, அளவு, சாட்சி

போர் முடிந்ததும் ஒரு சில குழந்தைகளை நீண்ட காலம் மருத்துவமனையில் வைத்து, ஒவ்வொரு தானியமாக மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை இல்லாத நாட்களில் எடை ஏறியது, பசி எடுத்தது, முகம் தெளிந்தது. கோதுமை கொடுத்ததும் எடைக்கோடு கீழே சரிந்தது. நோய் வரும் என்று தெரிந்தே ஒரு பிள்ளைக்கு அந்த உணவைத் திரும்பக் கொடுப்பது எந்த டாக்டருக்கும் லேசான காரியமாக இருந்திருக்காது. அந்தச் சிலரை வைத்துக் கிடைத்த சாட்சிதான் பின்னால் வந்த லட்சக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றியது.

எடைக்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு வாதாட முடியாது என்பதால், வான் டி காமர் என்ற உயிர்வேதியியல் அறிஞரும் வெய்யர்ஸ் என்ற குழந்தை மருத்துவரும் கைகோத்தார்கள். குழந்தைகளின் மலத்தில் எவ்வளவு கொழுப்பு வீணாக வெளியேறுகிறது என்று அளக்க வான் டி காமர் ஒரு நல்ல முறையை உருவாக்கியிருந்தார். கோதுமை தின்றால் கொழுப்பு வீணாவது கூடுகிறது, நிறுத்தினால் குறைகிறது. இனி யாரும் மறுக்க முடியாது.

1950-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டிக்கெ தன் முனைவர் பட்ட ஆய்வைச் சமர்ப்பித்தார். கோதுமையும், ரை என்ற தானியமும் கெடுதல். அரிசியும் சோளமாவும் உருளைக்கிழங்கும் கெடுதல் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் இன்னும் நுணுக்கமாகப் போனார்கள். கோதுமையின் மாவுச்சத்து குற்றவாளி இல்லை. அதிலுள்ள க்ளூட்டன் என்ற புரதம்தான். சப்பாத்தி மாவைப் பிசையும்போது ஜவ்வு மாதிரி இழுக்குதே, பரோட்டா மாஸ்டர் வீசும்போது கிழியாமல் விரியுதே... அந்த இழுவைக்குக் காரணமே இந்த க்ளூட்டன்தான். அதே சமயத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர மருத்துவர்களும் இதையே உறுதிப்படுத்தி 1952-ல் எழுதினார்கள்.

அது உடம்புக்குள் என்ன செய்கிறது? நம் சிறுகுடலின் உள்பக்கம் வழுவழுவென்று இருக்காது. பூந்துவாலை மாதிரி நுண்ணிய விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அவைதான். சீலியாக் உள்ளவர் க்ளூட்டன் சாப்பிட்டால், அவருடைய எதிர்ப்பு சக்தியே அந்த விரல்களைத் தாக்கி மழுங்கடித்துவிடும். துவாலை, தரை மாதிரி ஆகிவிடும். சத்து எப்படி ஏறும்? பாலைச் செரிக்க வைக்கும் நொதியும் அந்த விரல்களில்தான் இருக்கிறது. அதனால்தான் பால் ஒத்துக்கொள்ளாத மாதிரி தெரிவதும், பழி பசு மேல் விழுவதும். க்ளூட்டனை முழுசாக நிறுத்தினால் விரல்கள் திரும்ப முளைக்கும்; பெரும்பாலும் பாலும் மறுபடி ஒத்துக்கொள்ளும்.

1957-ல் டிக்கெ உட்ரெக்ட்டில் பேராசிரியராகவும், அங்கிருந்த வில்ஹெல்மினா குழந்தைகள் மருத்துவமனையின் தலைவராகவும் ஆனார். ஐந்தே வருஷம். 1962-ல் காலமானபோது அவருக்கு வயது 57. டச்சு இரைப்பை-குடல் மருத்துவச் சங்கம் அவர் பெயரில் ஒரு தங்கப் பதக்கம் வைத்திருக்கிறது.

நமக்கு எதுக்கு இந்தக் கதை?

நாமதான் சோறு சாப்பிடுறவங்களாச்சே, இது வடக்கத்தி நோய் என்று நினைக்கிறீங்களா? பாதி சரி. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியா முழுக்க 23,331 பேரைப் பரிசோதித்தார்கள். ரத்தத்தில் சீலியாக்கின் அடையாளம் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேரிடம் இருந்தது. தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவரிடம்.

ஆனால் இந்த நோய் வருவதற்குத் தேவையான மரபணு? வடக்கே நூற்றுக்குச் சுமார் 38 பேரிடம். தெற்கே சுமார் 36 பேரிடம். கிட்டத்தட்ட ஒண்ணுதான்! வித்தியாசம் தட்டில் இருந்தது. அங்கே ஒரு நாளைக்குச் சராசரியாகச் சாப்பிட்ட கோதுமை 455 கிராம். இங்கே 25 கிராம். நம் கேழ்வரகுக் கூழும் கம்பஞ்சோறும் இட்லியும் நம்மை அறியாமலேயே நமக்குக் காவல் காத்திருக்கின்றன. மரபணு இருப்பவர்களில் மிகச் சிலருக்குத்தான் நோய் வரும் என்பதும் உண்மை.

இப்போ உங்க வீட்டுத் தட்டைப் பாருங்க. காலையில் ரவை உப்புமா அல்லது சேமியா. ஸ்கூல் டப்பாவில் நூடுல்ஸ். சாயங்காலம் பிஸ்கட், பப்ஸ். ராத்திரி சுகருக்காகப் பெரியவங்களுக்குச் சப்பாத்தி. வாரத்துல ஒருநாள் விழுப்புரம் போனா பரோட்டா. அந்த 25 கிராம் இன்னும் 25 கிராமாகவா இருக்கு?

அதனால் பயப்படச் சொல்லவில்லை. தெரிஞ்சு வெச்சுக்கோங்க என்கிறேன். தெற்கில் அபூர்வம் என்பதாலேயே இங்கே இது யாருக்கும் சட்டென்று தோன்றாது. மாத்திரை போட்டும் ஏறாத ரத்தசோகை, நிற்காத வயிற்றுப்போக்கு, வயசுக்கேற்ற உயரம் இல்லாமை, தள்ளிப்போகும் பருவம்... இவற்றுக்குக் காரணம் வேறாகத்தான் பெரும்பாலும் இருக்கும். காரணமே பிடிபடாவிட்டால், சீலியாக் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்க. முதலில் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி.

ஒரு முக்கியமான விஷயம். பரிசோதனைக்கு முன்னால் நீங்களாகவே கோதுமையை நிறுத்திடாதீங்க. நிறுத்திட்டா ரத்தத்தில் அடையாளம் மறைஞ்சு, நோய் இல்லைன்னு ரிப்போர்ட் வந்துடும். வீட்டில் ஒருத்தருக்கு உறுதியானால் கூடப்பிறந்தவர்கள், பெற்றோர், பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளுக்கும் இது சேர்ந்து வர வாய்ப்பு அதிகம்.

கோதுமை அலர்ஜி என்பது வேறு. அதில் சாப்பிட்ட சில நிமிஷத்திலோ, ஓரிரு மணி நேரத்திலோ தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வரும். மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பல குழந்தைகளுக்கு வளர வளர அது போய்விடும். சீலியாக் போகாது, ஆயுசுக்கும் உணவுக் கட்டுப்பாடுதான். அதற்கு மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. டிக்கெ காட்டிய வழி ஒன்றுதான் இன்றும் வழி.

ஒரு சிட்டிகையில் ஒளிந்திருப்பது

நம்ம ஊர்ச் சமையலில் இது ஐரோப்பாவைவிட எளிது. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கேழ்வரகுக் களி, கம்பு, தினை, சாமை, பருப்பு, காய், மீன், முட்டை எதிலும் இயற்கையாக க்ளூட்டன் கிடையாது. ஆனால் ஒளிந்து வரும் இடங்கள் உண்டு.

முதலில் பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பாரில் போடும் ஒரு சிட்டிகைதானே என்று விடக் கூடாது. டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். அடுத்து மாவு மில். உங்களுக்கு முன்னால் ஒருத்தர் கோதுமை அரைத்த மெஷினில் உங்க கேழ்வரகைக் கொட்டினால் அதுவும் போச்சு. வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்வது நல்லது. பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கக் கூடாது. சப்பாத்திக் கல்லில் தோசை வார்க்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்குத் தனிக் கல், தனிச் சல்லடை. மால்ட் சேர்த்த சத்து பானங்களில் பார்லி இருக்கும். அதிலும் க்ளூட்டன் உண்டு. கோயிலில் கொடுக்கும் கேசரி ரவையில் செய்தது. வெண்பொங்கலில்கூடப் பெருங்காயம் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் க்ளூட்டன் ஃப்ரீ என்று போட வேண்டுமானால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி.

இதையெல்லாம் அம்மா ஒருத்தியே சுமக்க முடியாது. ஒரு துண்டு பிஸ்கட்டால என்ன ஆயிடப் போகுதுன்னு அன்போடு நீட்டும் தாத்தாவுக்குப் புரிய வேண்டும். பிறந்தநாள் கேக் வெட்டும் பக்கத்து வீட்டுக்கும், டப்பாவைப் பங்கு போட்டுச் சாப்பிடும் வகுப்புக்கும் புரிய வேண்டும். முடிந்தால் ராத்திரிச் சாப்பாட்டை வீடு முழுக்க ஒரே மாதிரி ஆக்கிடுங்க. எல்லோரும் தோசை சாப்பிடும் வீட்டில் அந்தப் பிள்ளை நோயாளியாகத் தெரியாது.

டிக்கெ பெரிய கருவி எதையும் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஓர் அம்மா சொன்னதை மதித்தார், அவ்வளவுதான் தொடக்கம். அடுத்த தடவை உங்க வீட்டிலோ தெருவிலோ ஒரு அம்மா, இதைக் கொடுத்தா மட்டும் புள்ளைக்கு ஒத்துக்கலைன்னு சொன்னால், ஊட்டத் தெரியலைன்னு சொல்லி வாயை அடைக்காதீங்க. என்ன கொடுத்தாங்க, எப்போ வந்துச்சுன்னு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்க. அந்த நோட்டை எடுத்துக்கிட்டு டாக்டரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்க.